ஆளைக் கடிக்கும் ஸ்பேனர்

அந்தச் சேவு கம்பெனியில் இருந்த ஒரே ஸ்பேனர் வாய் தேய்ந்துபோனது. நட்டைக் கடிக்காது, ஆளைத்தான் கடிக்கும். மெஷின் ரிப்பேர் பார்க்கும் முப்புடாதிக்கு அந்த மாதத்திலேயே மூன்றாவது தடவையாக விரல்முட்டியில் தோல் பெயர்ந்தது.

மேனேஜர் சிங்காரவேலு விபத்து நோட்டில் வழக்கம்போல "கவனக்குறைவு" என்று எழுதினார். "கைநாட்டுப் பயலுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா?"

"தெரியலய்யா. ஒருதரம் பிடிச்சுக் காட்டுங்களேன்."

மேனேஜர் மூச்சைப் பிடித்து ஒரு திருகு திருகினார். ஸ்பேனர் வழுக்கி, கை மெஷினில் மோதியது. அலறல் கேட்டு ஊரே கூடிவிட்டது.

கட்டுப் போட்டதும் முப்புடாதி நோட்டை எடுத்தான். "கவனக்குறைவுன்னு எழுதட்டுங்களாய்யா?"

"ஸ்பேனர் தேஞ்சுபோச்சுன்னு எழுதுடா!"

முத்து முத்தாக எழுதினான். கையெழுத்துப் போட மேனேஜருக்கு வலது கை வரவில்லை. முப்புடாதி பவ்யமாக மையை நீட்டினான்.

"கைநாட்டு வைங்கய்யா."