பன்னிரண்டு மூட்டை ரப்பரும் ஒரு ஊஞ்சலும்

உடுமலைப் பக்கத்துச் செல்லாண்டி நகரில் மூளைக்குப் பஞ்சமில்லை. அதைப் புழங்கும் பழக்கம்தான் இல்லை. அந்த நகரின் நலச் சங்கத் தலைவர் நாச்சிமுத்து ஆறு வருடம் மனுக் கொடுத்து ஒரு பூங்கா வாங்கினார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஆட ஓர் ஊஞ்சல் வேண்டும் என்பது முதல் மனு. ஊஞ்சல் வந்தபோது அவள் ஒன்பதாம் வகுப்பு, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ஆசை நாச்சிமுத்துவுக்கே தொற்றிக்கொண்டது. பூங்கா திறந்ததும் முதல் ஆளாக ஆடிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார்.

இதில் ஒரு சிக்கல். நகராட்சி அதிகாரி அம்மா சனிக்கிழமை பார்வையிட வருகிறார். விழுந்தால் அடிபடாது என்று உறுதியானால்தான் பூங்கா, இல்லாவிட்டால் குப்பை வண்டி நிறுத்தும் இடம் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

பழைய டயரைச் சில்லு சில்லாக அரைக்கும் பட்டறைக்காரர் ஒருவர் மனமிரங்கி, பன்னிரண்டு சின்ன மூட்டை ரப்பர் சில்லைச் சும்மா கொடுத்தார். கூடவே உபயோகிக்கும் விதம் அச்சடித்த ஒரு தாளும் கொடுத்தார். அந்தப் புண்ணியவான் ரப்பரோடு நிறுத்தியிருக்கலாம்.

சங்கச் செயலாளர் தெய்வானை டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாசித்தார். "செடியைச் சுற்றிப் பரப்பினால் களை வளராது."

"நம்ம செடிகிட்டக் களையே இல்லீங்களே," என்றார் உறுப்பினர் திருமூர்த்தி. "அப்புறம் எதை வளராமப் பண்றது?"

கேள்வி நியாயமானதுதான். வாய்க்கால் மேட்டிலிருந்து கோரையும் பார்த்தீனியமும் பிடுங்கி வந்து, செம்பருத்தியைச் சுற்றி நட்டு, இரண்டு நாள் தண்ணீர் ஊற்றி, பிறகு இரண்டு மூட்டைச் சில்லைக் கொட்டி மூடினார்கள். களை அடங்கிப் போனதைக் கண்டு சங்கமே கைதட்டியது.

"அடுத்தது. குழந்தைகள் விழும் இடத்தில் அரை அடி உயரத்துக்குப் பரப்பவும்."

"எங்க விழுவாங்கன்னு நமக்கு எப்படீங்க தெரியும்?" என்றார் திருமூர்த்தி.

பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அப்படி ஒரு உத்தேசமே இல்லை என்று சொல்லிவிட்டு அவர்கள் ஓடிப்போனார்கள்.

"நாமளே விழுந்து பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது," என்றார் நாச்சிமுத்து.

திறப்பதற்கு முன் ஊஞ்சலில் ஏறுவது முறையல்ல என்பதால், வெறும் தரையில் ஓடிவந்து விழுந்தார்கள். ஒவ்வொருவர் விழுந்த இடத்திலும் டீச்சர் சுண்ணாம்பால் வட்டம் போட்டார். பத்து விழுகை, பத்து வட்டம், வட்டத்துக்கு ஒரு மூட்டை. ஊஞ்சலுக்கு அடியில் யாரும் விழாததால் அங்கே ஒன்றுமில்லை. வாசலில் ஒரு பலகையும் வைத்தார்கள்: 'விழுபவர்கள் வட்டத்துக்குள் மட்டும் விழவும்.'

சனிக்கிழமை வந்த அதிகாரி அம்மா பலகையை இரண்டு தரம் படித்தார். ஓரடி பின்னால் வைத்தார். ஒரு ரப்பர் மேடு தடுக்கி, கட்டாந்தரையில் விழுந்தார்.

நாச்சிமுத்துவுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "பத்து வட்டம் இருக்குதுங்க மேடம். ஒண்ணுலயாவது விழுந்திருக்கலாமுங்களே?"

அதிகாரி அம்மா முழங்காலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த சனிக்கிழமை கடைசித் தடவையா வருவேன். யாரு எங்க விழுந்தாலும் அங்க ரப்பர் இருக்கணும்!"

சங்கம் கூடிற்று. எல்லா இடத்திலும் போட ரப்பருக்கு எங்கே போவது?

"விழற இடந்தான் நமக்குத் தெரியாது," என்றார் தெய்வானை டீச்சர். "விழற ஆளு தெரியுமில்லீங்க?"

பத்து வட்டத்துச் சில்லையும் ஒன்றுவிடாமல் அள்ளித் தலையணை உறைகளில் அடைத்தார்கள். முதலில் ஆடப்போகிற நாச்சிமுத்துவின் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் வைத்துக் கட்டினார்கள். சனிக்கிழமை காலை ஆறு பேர் சேர்ந்து அவரைத் தூக்கி ஊஞ்சலில் திணித்தார்கள். இரண்டு சங்கிலிக்கும் நடுவே அவர் ஆப்பு மாதிரி இறுகிக்கொண்டார்.

ஊஞ்சல் ஆடியது. ஆறு வருட ஆசை. நாச்சிமுத்துவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கத்தான் கை எட்டவில்லை.

அதிகாரி அம்மா கால்மணி நேரம் பார்த்தார். உலுக்கியும் பார்த்தார். ஆள் விழுகிற வழியாக இல்லை. 'யாரும் விழவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஜீப்பில் ஏறினார். பூங்கா பிழைத்தது.

அடுத்து ஆடப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இழுத்துப் பார்த்தும் தலைவர் வரவில்லை. கட்டிய கயிற்றை அறுத்துவிடலாம் என்று திருமூர்த்தி அரிவாளோடு வந்தார்.

"இருங்க," என்றார் டீச்சர். "அறுத்தா விழுந்துருவாரு. கீழ ரப்பர் இருக்குதா?"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். இல்லை. இருந்த ரப்பரெல்லாம் தலைவர் மேல்தான் இருந்தது.

"அப்ப இறக்கவே கூடாதுங்க," என்றார் திருமூர்த்தி.

மேலிருந்து நாச்சிமுத்துவும் ஒப்புக்கொண்டார். "கீழ போட இன்னும் பத்து மூட்டை வேணும்னு ஒரு மனு எழுதுங்க டீச்சர். ஆறு வருசந்தானுங்களே? அதுவரைக்கும் ஆடிட்டிருக்கறேன்."