நாற்பத்தோராவது பூட்டு

"தொறக்க மாட்டேங்குது, மாஸ்டர்."

சபூரா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?"

"இன்னும் கொஞ்சம் பாக்குறேன்."

"பாருங்கண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. நேற்றும் இதே பேச்சு, முந்தாநாளும் இதே பேச்சு. ஐந்து மாதமாக இதேதான் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும், நடந்தது அப்படி.

இருதயராஜுக்கு வயது ஐம்பத்திரண்டு. மில்லில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். மில்லை மூடிய பிறகு ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார், உட்காரத் தெரியவில்லை. பூட்டு வேலை கற்றுக்கொள்ள வந்துவிட்டார்.

கற்றுத்தருகிற சபூராவுக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை மாஸ்டர் என்பார். முதல் வாரம் அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு வாய் கூசியது. அப்புறம் பழகிவிட்டது.

கடைச் சுவரில் ஒரு பலகை. பலகையில் வரிசையாக நாற்பது பூட்டுகள். சாவி ஒன்றுக்கும் கிடையாது. கையின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, இரண்டு கம்பிகளை வைத்துத் திறக்க வேண்டும். ஒரு கம்பி லேசாக நெம்பும். இன்னொரு கம்பி உள்ளே இருக்கிற பின்களை ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்தும். எல்லாம் நின்றால் பூட்டு திரும்பும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை, எல்லாம் காதும் விரலும்தான்.

திறந்த பூட்டைத் திரும்பப் பூட்டிவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். அது கடையின் சட்டம்.

நாற்பதையும் இருதயராஜ் ஏழு மாதத்தில் திறந்து பூட்டிவிட்டார். துண்டுக்கு அடியில், கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கீறல் விழாமல்.

அன்றைக்குத்தான் சபூரா மேசைக்கு அடியிலிருந்து இந்தப் பழைய கதவுப் பூட்டை எடுத்தாள். வைஸில் வைத்து இறுக்கினாள்.

"இதை முடிச்சுட்டுச் சொல்லுங்க. அந்தப் பையைத் தர்றேன்."

ஆணியில் ஒரு தோல்பை தொங்கியது. உள்ளே முழு செட் கம்பிகள். அந்தப் பை தோளில் இருந்தால்தான் அவர் தனியாக ஒரு வீட்டு வாசலுக்குப் போகலாம். இல்லையென்றால் காலம் முழுக்கக் கடையில் உட்கார்ந்து சாவி ராவ வேண்டியதுதான். தீபாவளிக்குள் தொழிலில் இறங்கிவிடுவேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார், பாவம். தீபாவளி வந்தது. அது பாட்டுக்குப் போய்விட்டது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டார்.

"இதை நீங்க தொறந்திருக்கீங்களா, மாஸ்டர்? இல்ல, என்னை வெச்சு வேடிக்கை பாக்குறீங்களா?"

"தொறந்திருக்கேன். ஒரு தடவை."

"எவ்வளவு நேரமாச்சு?"

சபூரா அரத்தைக் கீழே வைத்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று அவர் காத்திருந்தார்.

"ஞாபகம் இருக்கு" என்றாள். மறுபடி அரத்தை எடுத்துக்கொண்டாள்.

இதெல்லாம் ஒரு பதிலா? இருதயராஜுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் ஒரு தடவை திறந்த பூட்டு என்று தெரிந்ததும், விடக்கூடாது என்கிற வீம்பும் கூடவே வந்தது. மத்தியானச் சாப்பாட்டைக்கூடப் பாதியில் மூடி வைத்துவிட்டு அதன் முன்னால் போய் உட்கார ஆரம்பித்தார்.

*

ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று மணி வெயில். சபூரா பக்கத்து ஊருக்கு ஒரு பீரோ திறக்கப் போயிருந்தாள்.

செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தாள் ஒரு பெண். பெயர் தேனம்மை, இரண்டு தெரு தள்ளி வீடு.

"எங்க வீட்டுக்காரர் உள்ள விழுந்துட்டாருங்க. சர்க்கரை அவருக்கு. நான் மருந்து வாங்கப் போனேன், கதவு தானா சாத்திக்கிடுச்சு. சாவி உள்ள மேசை மேல கெடக்கு. கூப்பிட்டா பேச மாட்டேங்குறார்!"

"ஆம்புலன்ஸ்?"

"சொல்லியாச்சு. வந்து என்ன செய்ய, கதவு தொறந்தாத்தானே?"

இருதயராஜ் சபூராவுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. இன்னொரு தடவை போட்டார்.

ஆணியைப் பார்த்தார். கடவுளே என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு தேனம்மை பின்னாலேயே ஓடினார்.

வாசலில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஜன்னலெல்லாம் கம்பி போட்டது. பின்கட்டுக் கதவு உள்ளே தாழ். தேனம்மையின் புருஷனுக்கு அண்ணன் ஒருவர், மெய்யப்பன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார்.

"பூட்டுக்காரரா? பாத்துப் பண்ணுங்க. எங்க ஐயா காலத்துத் தேக்கு. இப்படி ஒரு கதவு இன்னிக்கு எங்கயும் கெடைக்காது."

"கீறல் விழாதுங்க" என்றார் இருதயராஜ்.

மண்டி போட்டுப் பூட்டைப் பார்த்தார். அட! பலகையில் இருக்கிற பதினேழாவது பூட்டின் அதே ரகம். அரை நிமிஷத்தில் திறப்பார் அதை. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டார்.

கம்பியை விட்டார். ஒன்று நின்றது. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது பின் விழுந்தது.

மறுபடி நாலு நின்றது, ஐந்தாவது விழுந்தது. வருஷக்கணக்காக எண்ணெய் காணாத பூட்டு.

உள்ளே டம்ளரால் தரையில் தட்டுகிற சத்தம். டொக். கொஞ்சம் விட்டு, டொக்.

"உசுரு இருக்கு! கேக்குதா, உசுரு இருக்கு!" என்று தேனம்மை அழுதாள்.

"சத்தம் போடாதீங்கம்மா. பின் விழறது கேக்கணும்."

துண்டை எடுத்துக் கையை மூடினார், கண்ணையும் மூடிக்கொண்டார். கூட்டம் அடங்கிவிட்டது. கெட்டிக்காரக் கை என்று யாரோ பின்னால் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. அது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

நாலு நின்றது.

டொக்.

அந்தச் சத்தத்தில் ஐந்தாவது பின் நின்றதா விழுந்ததா என்று தெரியவில்லை. சே என்றது மனசு. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மூன்று நின்றது. நான்கு நின்றது. டொக் என்றது. மறுபடி முதலிலிருந்து.

எத்தனை தடவை என்று அவர் எண்ணவில்லை. இதோ, இந்தத் தடவை வந்துவிடும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் தோன்றியது.

அப்புறம் உள்ளே சத்தம் நின்றுவிட்டது.

அப்பாடா, இனி நன்றாகக் கேட்கும் என்று இருதயராஜ் நினைத்தார். சத்தியமாக அப்படித்தான் நினைத்தார்.

தேனம்மை அவர் தோளைத் தொட்டாள்.

"தொறந்துச்சா?"

"இல்லம்மா."

"அப்புறம்?"

"இன்னும் கொஞ்சம் பாக்கு…"

வாய் பாதியில் நின்றது. கண்ணைத் திறந்தார். கையில் இருந்த கம்பிகளைப் பார்த்தார், அவற்றைக் கீழே போட்டார்.

"கடப்பாரை எங்க? யாராவது ஒரு கடப்பாரை கொண்டாங்க! ஓடுங்க!"

எதிரே ஒரு வீட்டில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து கொண்டு வந்தார்கள்.

"யோவ், என்ன பண்றே? ஐயா காலத்துத் தேக்குன்னு சொன்னேனே!" என்று மெய்யப்பன் குறுக்கே வந்தார்.

"தள்ளுங்கய்யா அங்கிட்டு!"

கதவுக்கும் நிலைக்கும் நடுவில் முனையைக் கொடுத்து, முப்பது வருஷம் இரும்பைப் புரட்டிய கையால் ஒரு நெம்பு நெம்பினார். மரம் அலறியது. இரண்டாவது நெம்பில் நிலை பிளந்து கதவு உள்ளே போய் விழுந்தது.

*

சபூரா திரும்பி வந்தபோது மணி ஐந்தரை. பை ஆணியில் தொங்கியது. இருதயராஜ் தரையில் உட்கார்ந்திருந்தார், சட்டையெல்லாம் மரத்தூள்.

"வர்ற வழியில சொன்னாங்க. உள்ள இருந்தவரு?"

"பொழச்சுக்கிட்டார். ஆஸ்பத்திரியில இருக்கார். கண்ணு முழிச்சுட்டாராம்."

அவள் மூச்சு விட்டாள். மேசையில் சாய்ந்து நின்றாள்.

"கதவு?"

"போச்சு."

"பூட்டு?"

"பூட்டுக்கு ஒண்ணும் ஆகல, மாஸ்டர். இன்னமும் பூட்டியேதான் இருக்கு."

சபூரா சிரித்தாள். இந்த ஒரு வருஷத்தில் அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை. அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"பதினோரு நிமிஷம் மண்டி போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். அந்த மனுசன் தட்டுன சத்தம் எனக்கு எடைஞ்சலா இருந்துச்சு. அது நின்னதும் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டேன் மாஸ்டர்!"

ஐம்பத்திரண்டு வயது மனிதர் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். சபூரா குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு அவர் பக்கத்தில் வைத்தாள்.

குடித்துவிட்டு எழுந்தார். வைஸைத் தளர்த்தி அந்தப் பூட்டை எடுத்தார். பழைய இரும்பு போடுகிற டப்பாவில் எறிந்தார்.

"அது தொறக்காது. எனக்கு வேணாம். பையும் வேணாம்."

சபூரா குனிந்து டப்பாவிலிருந்து பூட்டை எடுத்தாள். துப்பட்டாவால் தூசியைத் துடைத்தாள்.

"தொறக்காதுதான். உள்ள, கடைசிப் பின்னுக்கு மேல, வெளிய தெரியாம ஈயத்தைக் காய்ச்சி ஊத்தியிருக்கேன்."

"நீங்க தொறந்தேன்னு சொன்னீங்க?"

"ஊத்துறதுக்கு முன்னாடி. ஒரு வீட்டு வாசல்ல. இருபத்தி ரெண்டு நிமிஷம் ஆச்சு. கதவுல ஒரு கீறல் இல்ல, பூட்டுல ஒரு கீறல் இல்ல. தெருவே கைதட்டுச்சு."

இருதயராஜ் அவள் முகத்தைப் பார்த்தார்.

"உள்ள இருந்தவங்க?"

அவள் பூட்டை மறுபடி வைஸில் வைத்து இறுக்கினாள். ஆணியிலிருந்து பையை எடுத்து வந்து அவர் தோளில் மாட்டினாள். வாரை இழுத்துச் சரிசெய்தாள்.

"உள்ள இருந்து பூட்டிக்க இனிமே ஆள் இல்லன்னு, இதைக் கழட்டி என்கிட்டயே குடுத்துட்டாங்கண்ணே."