கயிலையைச் சுற்றிய ஆடும் குட்டியும்

இமயத்துக்கு அந்தப் பக்கம் கயிலை மலை இருக்கிறது. தெற்கே நின்று பார்த்தால் வெள்ளை வெளேரென்று பனி. வடக்கே போனால் கருத்த பாறைச் சுவர். நான்கு பெரிய ஆறுகள் அதன் பக்கத்தில்தான் பிறக்கின்றன. அதைச் சாமியாக நினைத்து பல ஊர்க்காரர்களும் வந்து சுற்றுவார்கள்.

மறைச்சி என்ற ஆடும் தன் பால்குடிக் குட்டி புள்ளியைக் கூட்டிக்கொண்டு வலம் வரக் கிளம்பியது. வழியில் மூடுபனி கவிந்தது. குட்டி முன்னால் போய்விட்டது என்று தாய் ஓடியது. தாய் முன்னால் போய்விட்டது என்று குட்டி ஓடியது. போதாதா!

தெற்கே மறைச்சிக்கு எதிரே ஒரு கவரி எருமை வந்தது. பெயர் தொங்கன். அவன் கூட்டத்தார் வலம் வராமல், எதிர்த்திசையில் இடப்பக்கமாகச் சுற்றுகிறவர்கள்.

"அண்ணே, முன்னால ஒரு குட்டி போச்சா?"

"இல்லையேம்மா!"

"நல்லாப் பார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் மறைச்சி ஓடியது.

தொங்கன் கிழக்கே வந்தால், புள்ளி நொண்டிக்கொண்டு வருகிறது!

"மாமா, எங்கம்மா முன்னால போறாங்களா?"

"உங்கம்மாவைத் தெற்கே பார்த்தேன். நீ இங்கேயே இரு, பாப்பா!"

"சுத்தும்போது நிக்கக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க!" என்று அழுதுகொண்டே அதுவும் ஓடியது.

தொங்கனுக்குத் தலை சுற்றியது. வடக்கே போனால், மறுபடியும் மறைச்சி! கருஞ்சுவரைப் பார்த்துத் திருதிருவென விழித்துக்கொண்டு நின்றது.

"அண்ணே, இது எந்த மலை? நான் கும்பிட்ட வெள்ளை மலையைக் காணோமே!"

"அதே மலைதான். இது அதோட முதுகு! உன் குட்டி உனக்குப் பின்னால வருது. நீ அவளைத் தேடி ஓடுறே, அவ உன்னைத் தேடி ஓடுறா. திரும்பு!"

"ஐயையோ! பாதிச் சுத்துல திரும்பினா பாவம்!"

"நான் பிறந்ததிலிருந்து அந்தப் பக்கமாத்தானே சுத்துறேன்! எனக்கென்ன கொம்பா உதிர்ந்து போச்சு?"

மறைச்சி குழம்பிப்போனது. "அப்படின்னா சாமி எந்தப் பக்கம் இருக்கார்?"

"எனக்கும் இப்போ குழப்பமாத்தான் இருக்கு," என்றான் தொங்கன். "நடுவுலதான் இருப்பார்னு நினைக்கிறேன்."

அதற்குள் பனி கொட்டத் தொடங்கியது. பால் இல்லாத குட்டி இந்தக் குளிரில் எத்தனை நேரம் தாங்கும்?  மறைச்சி மலைப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டு, "மன்னிச்சிடு சாமி!" என்றது. வந்த வழியே திரும்பி ஓடியது. தொங்கனும் கூடவே ஓடினான்.

மேற்கே ஒரு பாறையடியில் புள்ளி சுருண்டு கிடந்தது. உடம்பெல்லாம் பனி. தாயைக் கண்டதும் மெல்லத் தலையைத் தூக்கியது.

"அம்மா! ஏன் தப்பான பக்கமா வர்றே? பாவமாச்சே!"

"முதல்ல பாலைக் குடிடி!" என்று மறைச்சி அதட்டியது. குட்டியின் மேலிருந்த பனியை நக்கி நக்கித் துடைத்தது.

அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு வழக்கத்தைக் காப்பாற்றுகிறவர், எத்தனை சுற்று சுற்றினாலும் சாமி பக்கம் வந்து சேர்வதில்லை.