மாரிக்கனி எழுதிய நன்றியுரை

அந்தப் பல்கலைக்கழகத்தில் அன்றைக்குப் பாலினச் சமத்துவக் கருத்தரங்கு. மாணவிகள் அத்தனை பேரும் பட்டுச்சேலையில் வரவேண்டும் என்பது துறைத்தலைவர் ஆவுடையப்பனின் உத்தரவு. வந்தார்கள். பாதிப் பேரை வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்தினார், மீதிப் பேரைச் சமையல் கொட்டகைக்குக் காய் நறுக்க அனுப்பினார். அரங்கில் உட்கார்ந்து கேட்டதெல்லாம் ஆண்பிள்ளைகள்தான்.

முடியப்போகும் நேரத்தில், வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற இரண்டாமாண்டு மாணவி மாரிக்கனியைக் கூப்பிட்டார்.

"நன்றியுரை எழுதிக் குடும்மா. நம்ம பொண்ணுங்க எவ்வளவு பயனடைஞ்சாங்கன்னு வரணும். ஆனா பொய்யின்னு ஒருத்தன் சொல்லக்கூடாது."

"நாங்க யாரும் உள்ளயே வரலியே, சார்."

"அதையெல்லாம் சமாளிச்சு எழுதத் தெரியணும்."

எழுதினாள். மாணவி எழுதியதை முன்கூட்டியே படித்துப் பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. மேடையேறிக் கணீரென்று வாசித்தார்.

"சமத்துவம் பற்றிப் பேசிய பெரியோர்களுக்கு நன்றி. எங்கள் மாணவிகள் அதைக் கேட்கவில்லை. பன்னீர் தெளித்துக்கொண்டும் காய் நறுக்கிக்கொண்டும் இருந்தார்கள். அதன் பயன் இன்னும் சற்று நேரத்தில் உங்கள் இலையில் தெரியும்."

அரங்கம் திகைத்தது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தது. சிறப்பு விருந்தினர் எழுந்து நின்று கைதட்டினார். அசடு வழிந்த ஆவுடையப்பனும் சிரித்துவிட்டார்.

"நம்ம பொண்ணுங்களுக்கு என்னா வாய் பாருங்க!" என்று மைக்கிலேயே பெருமைப்பட்டார். "சரி, பந்திக்கு நேரமாச்சு. பொண்ணுங்களா, இலை போடுங்கம்மா."

மாரிக்கனி சந்தனக் கிண்ணத்தை வைத்துவிட்டு சாம்பார் வாளியைத் தூக்கினாள். எழுந்து நின்று கைதட்டியவர்தான் முதலில் கூப்பிட்டார்.

"இங்க இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."