அதிகம் பேசியவருக்கு ஒரு குக்கர்

கோவையில் ஒரு குக்கர் கம்பெனி. வாடிக்கையாளர்களோடு பேச அங்கே ஒரு சாட்பாட் இருந்தது. கொண்டுவந்தவர் மேலாளர் தணிகைவேல். பேசத்தான் ஆள் வரவில்லை.

சாட்பாட்டின் பேச்சுகளைக் கணக்கெடுக்கும் சேவை ஒன்றை முதலாளியம்மா வாங்கினார். தணிகைவேல், பயிற்சிக்கு வந்திருந்த செம்மலரைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, மீட்டிங்ல கேள்விக்குப் பதில் சொல்ற நம்ம ஏஐ ஏஜென்ட்டை அந்தச் சேவையோட இணைச்சிரு. நாளைக்கு மீட்டிங்ல அம்மா கேட்டா, பேச்சு குவியுதுன்னு அது சொல்லோணும். இல்லீன்னா உனக்கு இங்க வேலை இல்லை."

சொல்லிவிட்டு, மேசைக்கடியில் செல்போனை வைத்துச் சாட்பாட்டுக்கு 'ஹலோ' அனுப்பிக்கொண்டே இருந்தார்.

செம்மலர் அதைப் பார்த்தாள். "அது கண்டிப்பா சொல்லுமுங்க சார். சாட்பாட்கிட்ட அதிகமா பேசினவங்களுக்கு ஒரு குக்கர் பரிசுன்னு மீட்டிங்ல அறிவிச்சிருங்க. அம்மா இன்னும் நம்புவாங்க."

"நீ பொழைச்சுக்குவே!"

மறுநாள் மீட்டிங்கில் ஏஜென்ட், "பேச்சு குவிகிறது" என்றது. தணிகைவேல் எழுந்து பரிசை அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"யாருக்குப் பரிசு?" என்று முதலாளியம்மா ஏஜென்ட்டைக் கேட்டார்.

"மேலாளர் தணிகைவேலுக்கு. அநேகமாக எல்லாமே அவர் எண்ணிலிருந்து வந்த ஹலோக்கள்."

முதலாளியம்மா குக்கரை அவர் கையில் கொடுத்தார். "ஊரே பேச வேண்டியதை ஒத்தையாளாப் பேசியிருக்கீங்க. களைச்சிருப்பீங்க, வீட்டுக்குக் கிளம்புங்க."

பிறகு செம்மலர் பக்கம் திரும்பினார். "அம்மிணி, நீ நாளைக்கு நேரமா வந்துரு."