மூக்கால் குடித்த பீர்

கலங்கிய தண்ணீரைக் கண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? படிகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றித் தெளிய வைப்பீர்கள், இல்லையா? அசட்டுத்தனத்துக்குப் பேர்போன பொன்னந்திட்டு ஊர்க்காரர்களும் அதைத்தான் செய்தார்கள். தண்ணீரில் செய்திருந்தால் நான் ஏன் இந்தக் கதையைச் சொல்லப் போகிறேன்?

புதுச்சேரியில் அந்துவான் என்றொரு பையன் சொந்தமாகப் பீர் காய்ச்சினான். ஹாப்ஸ் என்று ஏதோ கொடியின் பூவாம், அதை அள்ளி அள்ளிப் போட்டு ஒரே ஒரு பீப்பாய் செய்திருந்தான். அன்று சாயங்காலம் ஓட்டல்கார மங்கையர்க்கரசி அம்மா குடித்துப் பார்த்து, பிடித்திருக்கிறது என்றால் பிழைத்தான். இல்லையென்றால் மறுநாளே மாமனாரின் சிமெண்டுக் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். மாமனார் நாற்காலியைத் துடைத்தே வைத்திருந்தார்.

அதற்கு முன்னால் யாராவது ருசி பார்த்துச் சொன்னால் நல்லது என்று நினைத்தான். நினைத்ததில் தப்பில்லை. போயும் போயும் பொன்னந்திட்டுக்கா ஆள் அனுப்புவது? "நாக்கு சுத்தமா இருக்கிற ஆளுங்களா வாங்க" என்று வேறு சொல்லியனுப்பினான். தணிகாசலம், கோதண்டம், பாவாடைராயன் மூவரும் விடிந்ததிலிருந்து நாக்கை வழித்து வழித்து, மிளகாய் கடித்த பிள்ளைகள் மாதிரி அதைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள்.

அந்துவான் டம்ளர்களில் ஊற்றினான். மாம்பழ வாசனை ஆளைத் தூக்கியது. நிறம்தான் புதுவெள்ளம் மாதிரி மஞ்சளாகக் கலங்கியிருந்தது.

"இதை முதல்ல மூக்காலதான் குடிக்கணும்ணே. நான் சொல்ற வரைக்கும் வாயில வைக்காதீங்க. மத்த பீர் மாதிரி கசக்காது. ஏதாவது குறை தெரிஞ்சா உடனே சரி பண்ணிடணும். நான் போய் அம்மாவைக் கூட்டிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டான்.

மூவரும் அண்ணாந்து மூக்கில் ஊற்றிக்கொண்டார்கள். கைக்குழந்தைக்கு மருந்து புகட்டினால் புரையேறுமே, அது மாதிரி மூன்று தடிக்குழந்தைகள். தும்மிய தும்மலில் சுவரிலிருந்த காலண்டர் கீழே விழுந்தது.

"கலங்கலா இருக்குடா" என்றான் கோதண்டம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பாவம், பூவைப் போட்ட பிள்ளை வடிகட்ட மறந்துடுச்சு."

"அது கிடக்கட்டும். கசக்காதுன்னு அவனே சொல்லிட்டுப் போறான் பாரு. கசக்கலைன்னா எதுக்குடா பீரு? மோர் குடிச்சிட்டுப் போலாமே!" என்றான் பாவாடைராயன்.

"நெசமாவே கசக்கலையான்னு ஒரு வாய்..." என்று இழுத்தான் கோதண்டம்.

"வாயில வைக்கக் கூடாதுன்னான்ல? சொன்ன பேச்சுக் கேளுடா!" என்று அதட்டினார் தணிகாசலம். மூவரில் அவர்தான் விவரமானவர்.

விவரமானவர் எதிர் சலூனில் கன்னத்துக்குத் தேய்க்கிற படிகாரக் கட்டியை இரவல் வாங்கிப் பீப்பாய்க்குள் சுற்றினார். பீர் பளிங்காய்த் தெளிந்தது. மற்ற இருவரும் நாட்டு மருந்துக் கடைக்கு ஓடி, நிலவேம்புப் பொடியை வாங்கி வந்து கொட்டினார்கள்.

அந்துவான் வந்தான். ஒரு வாய் குடித்தான். முகம் அஷ்டகோணலாய்ப் போனது.

"அடப்பாவிங்களா! கலங்கலா வரணும்னுதானே உசிரைக் குடுத்தேன்! அம்மா வண்டியை நிறுத்திட்டு வர்றதுக்குள்ள முன்னே எப்படி இருந்துச்சோ அப்படியே பண்ணிக் குடுங்க!"

"இவ்வளவுதானே?" என்றார் தணிகாசலம். கலங்கலுக்குப் பக்கத்து வீட்டில் அரிசி களைந்த தண்ணீர். கசப்பைக் கொல்ல வெல்லம். பூவுக்குச் சுவரில் சாமி படத்துக்குப் போட்டிருந்த சாமந்தி மாலை.

"மாம்பழத்துக்கு எங்கே போறது?" என்றான் கோதண்டம்.

"மாங்கா ஊறுகா இருக்குல்ல? அதுவும் அதே மரந்தான்டா!"

மங்கையர்க்கரசி அம்மா பெல்ஜியம் வரை போய்ப் பீர் குடித்துவிட்டு வந்தவர். ஒரு மடக்குக் குடித்தார். அந்துவான் கண்ணை இறுக மூடிக்கொண்டான். கண்ணுக்குள் சிமெண்டு மூட்டை அடுக்கியிருந்தது.

"அடேயப்பா! கசப்பே இல்லை, கலங்கல் பிரமாதம்! கடைசியில நாக்குல சுள்ளுனு ஒரு காரம் வருதே, அது எந்தத் தேசத்துப் பூ? தம்பி, வாராவாரம் இதேதான் எனக்கு வேணும்."

அம்மா போனதும் அந்துவான் மூவர் காலிலும் விழுந்து எழுந்தான். "அண்ணே, என்ன வேணும், கேளுங்கண்ணே!"

தணிகாசலம் தக்காளி மாதிரி வீங்கியிருந்த மூக்கைத் தடவிக்கொண்டார்.

"ஒண்ணும் வேணாம் தம்பி. ஊறுகா போட்டு ருசி பார்த்ததிலேர்ந்து மூக்குத்தான் ரொம்ப எரியுது. இனிமேலாவது எங்களை வாயால குடிச்சிக்கச் சொல்லுப்பா."