எதிர்க்காத்துல போன மோராக்

ரொம்பத் தூரத்துல, குளிர்ல பல்லு தந்தியடிக்கிற கடல்ல ஒரு தீவாம். அங்க பேசுற பாஷைக்கு 'கேலிக்'னு பேராம். அந்தத் தீவுல மோராக்னு ஒருத்தி, தனிக்கட்டை. அவளுக்குன்னு இருந்ததெல்லாம் பாய்மரம் வெச்ச சின்னப் படகு, எதிர்த்தாப்புல ஒரு குட்டித் தீவு, அதுல மேயுற ஆடுங்க. கோடை வந்தா ஆடுங்களைப் படகுல ஏத்திக் கொண்டுபோய் அங்க விட்டுட்டு வருவா, அந்த ஊரு வழக்கம் அது. ஆடு படகுல போகுமான்னு சிரிக்காதடி, போகும், கேளு.

ஊர்த் தலைவன் டூகலுக்கு அந்தக் குட்டித் தீவு மேல ஒரு கண்ணு. எதிர்க்காத்து பேயா அடிக்கிற நாளாப் பாத்து வந்து, "ஏ மோராக், இப்பவே கிளம்புவோம். யாரு முதல்ல அங்க கால் வைக்கிறாங்களோ, தீவு அவங்களுக்கு. தோத்தவங்க ஜெயிச்சவங்களோட ஆட்டுக்கெல்லாம் ரோமம் கத்தரிக்கணும்"னானாம். எதிர்க்காத்துல பாய் எதுக்கு ஆகும்னு அவன் நெனப்பு. அவன்கிட்ட துடுப்புப் போட தடித்தடியா ஆளுங்க வேற.

மோராக் யோசிச்சுப் பாத்தா. தீவு போனா ஆடு போச்சு, ஆடு போனா சோறு போச்சு. தலைவன் சொன்னா மறுக்க முடியுமா? "சரிங்கய்யா"ன்னுட்டா.

டூகல் "நேராப் போங்கடா!"ன்னு கத்தினான், போனாங்க, அலை மூஞ்சியில அடிச்சுப் பின்னால தள்ளுச்சு. மறுபடி "நேராப் போங்கடா!"ன்னான், மறுபடியும் தள்ளுச்சு. மூணாந்தரமும் "நேராப் போங்கடா!"ன்னான், துடுப்பு ஒடிஞ்சே போச்சு.

மோராக் பாயைச் சாய்ச்சுப் பிடிச்சு இடதுபக்கமா ஓடினா. "ஐயோ, வழி தப்பிப் போறா!"ன்னு கரையில எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் பாயைத் திருப்பி வலதுபக்கமா ஓடினா, இன்னும் சிரிச்சாங்க. அப்புறம் மறுபடி இடதுபக்கம் திருப்பினா, இப்ப ஒருத்தரும் சிரிக்கலை. ஏன்னா படகு குட்டித் தீவுல போய் நின்னுடுச்சு!

காத்து அடங்கினப்புறம் மிச்சத் துடுப்பைப் போட்டு, டூகல் தொப்பலா நனைஞ்சு வந்து சேர்ந்தான். "எதிர்க்காத்துல எப்படிடி வந்தே?"

"காத்தோட மல்லுக்கு நிக்கலீங்கய்யா. அதுக்கு எதிர்ல நிக்காம, கொஞ்சம் அந்தப் பக்கம், கொஞ்சம் இந்தப் பக்கம்னு வளைஞ்சு வந்தேன். இந்தாங்க கத்தரி."

எதிர்க்கரையில ஊரே பாத்துட்டு இருக்கறப்ப மாட்டேன்னு சொல்ல முடியுமா? தலைவன் வீறாப்பாக் கிடா முன்னாடி போய் நின்னான். கிடா விட்டுது பாரு ஒரு முட்டு! மல்லாக்க விழுந்தான்.

"நேராப் போகாதீங்கய்யா, சாஞ்சு போங்க!"ன்னா மோராக்.

அந்தப் பாஷையில பாய்க்கு 'ஷோல்'னு பேரு, சாமர்த்தியசாலிக்கு 'ஷோல்ட்டா'ன்னு பேரு. அது மோராக்கால வந்துச்சான்னு கேட்டா நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

தீவு மோராக்குக்கு, கத்தரி டூகலுக்கு, கதை உங்களுக்கு. போய்ப் படுங்க.